பார்லரில லைட் பிடிச்சுக் காசு வாங்கலாமா?

கல்லடி_பார்லர்:
11 வருசமா கல்லடியில பார்லர் நடத்துறன். மாநகர சபை லைசன் சுவரில தொங்குது. போன மாசம் சுவிஸில இருந்து வந்த மச்சாள் ரெண்டு சாமான் தந்துட்டுப் போனா. ஒண்டு முகத்தில மாட்டுற எல்.ஈ.டி மாஸ்க், சிவப்பும் நீலமும் எரியும், பருவுக்காம். மற்றது கையில பிடிக்கிற லாம்பு, பெட்டியில 311 எண்டு கிடக்கு, வெண்புள்ளிக்கு நல்லமாம். என்ட கண் லாம்பிலதான். கலியாணம் பேசுற நேரம் தாய்மார் புள்ளையளக் கூட்டி வந்து அழுவாங்க, நான் மேக்கப்பால மறைச்சுத்தான் அனுப்புறன்.

என்ட கையிலயே 5 நிமிசம் பிடிச்சுப் பாத்தன். ஒண்டும் தெரியல்ல, சூடும் இல்ல. ராவைக்கு, கச்சான் காத்தில நாள் முழுக்க வயலுக்க நிண்ட மாதிரி எரிஞ்சுது. விடிய பாத்தா லாம்பு வாய்ட அளவுக்கு அப்பிடியே நீள்சதுரமாச் சிவந்து கிடக்கு.

பெட்டிக்குள்ள கழுகுப் படத்தோட எப்.டி.ஏ (அமெரிக்காட உணவு, மருந்து அதிகாரசபை) சேட்டிபிக்கேட்டும் இருக்கு. அது காணுந்தானே?

கல்முனை_பிசியோ:
அக்கா, அந்தத் தாளை மடிச்சு வைங்க. எப்.டி.ஏ அப்பிடிச் சேட்டிபிக்கேட் குடுக்கிறதே இல்ல. கம்பனி தன்ட பேரைப் பதியிறது வேற, சாமானை அவங்க பாத்து விக்க விடுறது வேற. ரெண்டாவதுக்கு கே எழுத்தில தொடங்குற 510(கே) நம்பர் இருக்கும். அதுவும் அமெரிக்காவுக்குத்தான்.

இஞ்ச இலங்கையில 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம். மருத்துவ சாதனமெண்டா தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில பதிஞ்சிருக்கணும், இறக்குமதிக்கு லைசன், விளம்பரத்துக்கும் அனுமதி. லைட்டின்ட நிறத்தைப் பாக்கிறதில்ல, என்னத்துக்கெண்டு சொல்லி விக்கிறாங்க எண்டதைத்தான் பாக்கிறது. வெண்புள்ளி எண்டு போட்டிருந்தா பேச்சே இல்ல, அது மருத்துவ சாதனந்தான். மாநகர சபை லைசன் வைத்தியம் பாக்கிறதுக்கு இல்லக்கா. நானே இலங்கை மருத்துவ சபையில பதிஞ்சுட்டுத்தான் வேலை செய்யிறன்.

தோல்_வாட்டு_மிஸ்ஸி:
அக்கா கை எப்பிடி இருக்கு? 311 எண்டது லைட்டின்ட அலைநீளம், நனோமீற்றரில. அது கழியூதாக் கதிர், யூ.வி எண்டுறது. உங்கட சிவப்பு மாஸ்க் 630 பக்கம், ரெண்டும் ஒரே குடும்பமில்ல. இது படுற நேரம் தெரியாது, மணித்தியாலம் கழிச்சுத்தான் சிவக்கும். அதனாலதான் வாட்டில செக்கன் கணக்கில தொடங்கி, தோலைப் பாத்துப் பாத்துக் கூட்டுறது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். எலிக்காய்ச்சலுக்கெண்டு வயல்காரருக்குக் குடுக்கிற டொக்சிசைக்கிளின் இருக்கே, பருவுக்கும் அதைத்தான் எழுதுவாங்க. அந்தக் குளிசை போடுற ஆக்களுக்கு வெறும் வெயிலுக்கே தோல் சிவக்கும். உங்கட கதிரையில வந்து இருக்கிற புள்ள என்ன குளிசை போட்டுட்டு வந்திச்சோ, ஆருக்குத் தெரியும்?

ஜேர்மனி_மட்டு:
இங்க 2020 டிசம்பர் 31 இல புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அழகுக்கெண்டாலும் லேசர், ஐ.பி.எல் எண்ட பளிச்சிடுற லைட் பிடிக்கிற ஆள் படிச்ச சான்று காட்டணும். குத்தின பச்சையை லேசரால அழிக்கிறது டொக்டர் மட்டுந்தான். மச்சாள் லேசாத் தந்துட்டுப் போயிட்டா, மாட்டினா நீங்கதான்.

கல்லடி_பார்லர்:
கை தோல் உரியுது மிஸ்ஸி, எரிவு இல்ல. லாம்பை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிட்டன். நேத்து வந்த தாயையும் புள்ளையையும் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்கு அனுப்பினன். மாஸ்க் பெட்டியிலயும் பரு எண்டுதான் போட்டிருக்கு, அதைப் படமெடுத்து அதிகாரசபைக்கு எழுதிக் கேக்கப் போறன். பதில் வந்தா மறுகா வந்து போடுறன். மச்சாளுக்கு என்ன சொல்லுறதெண்டுதான் இப்ப யோசனை.