புதுப்பிப்பு: சிந்தெடிக் ஆயிலுக்கு மாறி ஆறு மாதம்

பதினோரு வருடப் பழைய பெட்ரோல் காரின் இன்ஜினுக்கு மினரல் ஆயிலே (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் வழக்கமான ஆயில்) போதுமா, சிந்தெடிக் (ரசாயன முறையில் தயாரிக்கும் ஆயில்) ஊற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பழைய வண்டியில் சீல் (ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் கசியும் என்று சிலர் பயமுறுத்தினீர்கள்.

சரி, நடந்தது இது. கையேட்டில் 5டபிள்யூ-30 (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் கிரேடு), ஏபிஐ எஸ்என் (ஆயிலின் தரக் குறியீடு) என்றுதான் இருந்தது. சிந்தெடிக்கா மினரலா என்று ஒரு வார்த்தை இல்லை. அதே கிரேடில் முழு சிந்தெடிக் ஊற்றினேன்.

மாதம் ஒருமுறை வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்க்கிறேன். ஒரு சொட்டு கூட இல்லை. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) மேல் கோட்டிலிருந்து ஒரு நூல் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பு நாலைந்து விநாடி கேட்ட டப்பெட் சத்தம் (இன்ஜின் வால்வுப் பகுதியின் டக்டக் ஒலி) இப்போது உடனே அடங்குகிறது. மைலேஜ்? எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சிந்தெடிக் அதிக நாள் தாங்கும் என்பார்கள், ஆனாலும் ஆயில் மாற்றும் இடைவெளியை மட்டும் நான் நீட்டவில்லை. என் ஓட்டமெல்லாம் ஒரு தடவைக்கு நாலு கிலோமீட்டர்தான். இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுவேன். அப்படி ஓட்டினால் எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் சேர்ந்துகொண்டே இருக்கும், சிந்தெடிக்காக இருந்தாலும். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது போட ஆயில் ஃபில்டரும் வாங்கி வைத்தாயிற்று.