நூலகத்துக்கு ஃபேன்டஸி ரோல்பிளேயிங் விதிநூல்கள்: முதல் பத்தில் எவை?

இரவல்_மேசை:

வணக்கம். சின்ன நூலகம் ஒன்றில் இளையோர் பிரிவு என் பொறுப்பு. ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டி, மேசையில் உட்கார்ந்து ஒரு கதையை ஆடும் ரோல்பிளேயிங் கேம்களின் விதிநூல்களுக்கென்று முதல்முறையாகப் பத்துப் புத்தகம் வாங்க அனுமதி கிடைத்திருக்கிறது. நான் இந்த ஆட்டத்தை ஒரு தடவைகூட ஆடியதில்லை. அதனால் ஆடுகிறவர்களைக் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் ஒரு பையனால் ஆரம்பித்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த புத்தகக் கட்டுக்குள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஒன்று இருந்தது, 2014 பதிப்பு. இன்னும் பதிவேட்டில் ஏற்றாததால் இரவல் தர முடியாது, இங்கேயே உட்கார்ந்து பார் என்றேன். மூன்று நாள் விடாமல் வந்தான். ஆயுதப் பட்டியலை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டான். மூன்றாம் நாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தான். நாலாம் நாள் என்னிடம், “மேடம், நாங்க ஆடணும்னா இந்த ஒரு புக் போதுமா?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரே ஆட்டத்தின் புத்தகங்களை முழுசாக வாங்குவதா, வேறுவேறு ஆட்டங்களா? பழைய பதிப்பை வைத்துக்கொள்ளலாமா? பகடையும் அட்டையுமாக வரும் பெட்டிகளை இரவல் தர முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திரைக்குப்_பின்னால்:

வணக்கம் மேடம். இருபது வருஷமாக கேம் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவராக, உட்கார்கிறேன். அதில் பாதி நாள் நூலகங்களிலும் பள்ளிகளிலும் புதியவர்களுக்காக.

உங்களுக்கு வேண்டிய அளவுகோலை அந்தப் பையனே கொடுத்துவிட்டான். எந்த விதிநூலைக் கையில் எடுத்தாலும் அவன் கேட்டதையே கேளுங்கள்: இதை மட்டும் எடுத்துப்போகிற நாலு பேர் இன்றைக்கு ராத்திரி ஆட முடியுமா? கடையில் வாங்குகிறவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை, அடுத்த மாதம் இன்னொன்று வாங்கிக்கொள்வார். நூலகத்தில் அப்படியில்லை. மூன்றில் ஒன்று வெளியே போய்விட்டால் மீதி இரண்டும் அலமாரியில் சும்மா நிற்கும்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இந்தச் சிக்கல் உண்டு. விதிகள் மூன்று புத்தகமாகப் பிரிந்திருக்கின்றன. ஆடுகிறவர்களுக்கு பிளேயர்ஸ் ஹேண்ட்புக், நடத்துகிறவருக்கு டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட், எதிரிகளுக்கு மான்ஸ்டர் மேனுவல். 2024-ல் புதுப்பித்த வடிவத்தில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 384 பக்கம். மான்ஸ்டர் மேனுவல் 2025 தொடக்கத்தில்தான் வந்தது, அதில் ஐந்நூறுக்கு மேல் உயிரினங்கள். மூன்றும் ஒரே அளவில் தேயாது. மேசையில் கைமாறிக்கொண்டே இருப்பது பிளேயர்ஸ் ஹேண்ட்புக். டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட்டை நான் ஆட்டத்தின் நடுவில் திறந்ததாக நினைவே இல்லை, வீட்டில் தயார்செய்யும்போது படிப்பதோடு சரி. அதனால் முதலாவதில் இரண்டு பிரதி வாங்குங்கள், மற்றவற்றில் ஒவ்வொன்று போதும்.

பழைய பதிப்பைத் தூக்கிப்போட வேண்டாம், ஆனால் புதியதோடு ஒரே தட்டில் கலந்துவிடவும் வேண்டாம். ஒரு தடவை என் மேசையில் இரண்டு சிறுமிகள் கிளெரிக் (மந்திரம் போடும் பூசாரி) கதாபாத்திரத்தை எடுத்திருந்தார்கள். இருவரும் க்யூர் வூண்ட்ஸ் என்ற, காயம் ஆற்றும் அதே மந்திரத்தைப் போட்டார்கள். ஒருத்தி ஒரு எட்டுமுகப் பகடையை உருட்டினாள், மற்றவள் இரண்டை உருட்டினாள். இரண்டு பேரும் தங்கள் புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள், இரண்டு பேர் சொன்னதும் சரி. 2014-ல் அது ஒரு பகடை, 2024-ல் இரண்டு. முதுகில் வருஷத்தைப் பெரிதாக ஒட்டியிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும். அட்டையில் இருக்கும் பெயர் ஒன்றுதான் என்பதால் பெற்றோருக்கும் வித்தியாசம் தெரியாது.

பையனுக்கு இப்படிப் பதில் சொல்லுங்கள்: அந்த 2014 புத்தகம் கிட்டத்தட்ட போதும். பின்னிணைப்பில் ஓநாய், கரடி, எலும்புக்கூடு, ஸோம்பி என்று சில உயிரினங்களின் கணக்கு இருக்கிறது. முதல் இரண்டு மூன்று ஆட்டத்துக்கு அது தாங்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் எஸ்ஆர்டி 5.1 (சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்) இருக்கிறது. 2014 விதிகளின் அடிப்படைப் பகுதி அது, சுமார் 400 பக்கம், அரக்கர்களும் மாயப்பொருள்களும் உட்பட. 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். மூலம் யாருடையது என்று குறிப்பிட்டுவிட்டு யாரும் அச்செடுக்கலாம். நீங்களே பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு அந்த நன்கொடைப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். நூலகத்துக்குள்ளேயே ஆட முழு செட் தயார்.

மீதி இடத்துக்கு என் ஆசை, ஒரே தொகுதியில் முடிகிற ஆட்டங்கள். ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸின் கிளாசிக் ஃபேன்டஸி ரூல்ஸ் டோம் அப்படி ஒன்று. 1981-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பேசிக், எக்ஸ்பர்ட் விதிகளைத் தெளிவாகத் திருத்தி எழுதிய நூல். ஆடுகிறவர், நடத்துகிறவர், அரக்கர், புதையல் எல்லாம் ஒரே அட்டைக்குள். தேடியது எதிரெதிர்ப் பக்கத்திலேயே முடிந்துவிடும்படி அடுக்கியிருப்பார்கள். 2023-ல் வந்த ஷேடோடார்க்கும் ஒரே புத்தகம். அதில் தீப்பந்தம் நிஜக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம்தான் எரியும். மேசையில் போனை வைத்து டைமர் ஓடவிடுவோம். ஐம்பது நிமிஷம் தாண்டியதும் பிள்ளைகள் குரல் தானாகவே தாழ்ந்துபோவதைப் பார்க்க வேண்டும். விதிகளைப் படித்து ஒப்பிடுவதைவிட இப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு ஆட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே விளங்கும்.

இன்னொன்று. பெரிய அட்வெஞ்சர் புத்தகங்களை, அதாவது ஆடுவதற்கென்று எழுதிவைத்த கதைகளை, இப்போதைக்கு விடுங்கள். ஒரு கேம்பெயின் (தொடர்ந்து ஆடும் நீண்ட கதை) எட்டு மாதம், பத்து மாதம் போகும், இரவல் காலம் அதற்குள் பல தடவை முடிந்துவிடும். குட்டிக் கதைகளின் தொகுப்பு என்றால் சரி. கேண்டில்கீப் மிஸ்டரீஸ் என்று 2021-ல் வந்தது. பதினேழு தனித்தனி அட்வெஞ்சர்கள். நடக்கும் இடமே ஒரு பெரிய நூலகக் கோட்டை, ஒவ்வொரு கதையும் ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து கிளம்பும். உங்கள் அலமாரிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. அது 2014 விதிகளுக்கு எழுதியது, புதிய விதிகளோடும் சிறு மாற்றங்களோடு ஓடும்.

பைண்டிங்_பசை:

நானும் நூலகர்தான் மேடம். எங்களிடம் இந்தப் பிரிவு ஆறு வருஷமாக இருக்கிறது. ஆட்டத்தைப் பற்றி அவர் சொல்லிவிட்டார், நான் புத்தகத்துக்கு என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

இவை நாவல் மாதிரி கையில் பிடித்துப் படிக்கும் புத்தகங்கள் இல்லை. மேசையில் விரித்துப் போட்டு, மேலே பகடை டப்பாவை வைத்து, நாலு பேர் நாலு பக்கமிருந்து இழுப்பார்கள். எங்களிடம் இருந்த ஒரு பிரதியில் மந்திரங்கள் உள்ள பகுதி மட்டும் கொத்தாகக் கழன்று கையோடு வந்தது, முன்னும் பின்னும் புதுசு போல இருந்தது. வந்த அன்றைக்கே முதுகை உள்ளிருந்து பலப்படுத்திவிடுங்கள். தைத்த பைண்டிங் கிடைத்தால் அதையே கேளுங்கள்.

2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் கடைசிப் பக்கங்களில் கேரக்டர் ஷீட் (கதாபாத்திரத்தின் விவரங்களை நிரப்பும் தாள்) இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் பிரதியில் யாரோ நீல மையில் ஒரு எல்ஃப் வில்லாளியை முழுசாக நிரப்பிவிட்டார்கள், பெயர் முதல் பையில் எத்தனை கயிறு என்பது வரை. இரண்டாவது பிரதியில் அந்தத் தாளே இல்லை. அதற்குப் பிறகு காலி ஷீட்டை நகலெடுத்து ஒரு ஃபைலில் போட்டு, புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்தோம். அதன் பிறகு ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை.

பெட்டி செட் இரவல் தரலாம், ஆனால் உள்ளே இருப்பதை எண்ணி மூடியின் உட்புறம் பட்டியல் ஒட்ட வேண்டும். நான் ஒரு வருஷம் முயன்று பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து விதிநூலையும் அட்வெஞ்சர் நூலையும் தனியாக எடுத்துப் பதிவுசெய்தேன். பகடைகள் ஜிப் பையில், தனி எண்ணோடு. நாலு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்களில் ஒவ்வொன்று, பத்து முகத்தில் இரண்டு, ஆக ஏழு. திரும்பி வரும்போது ஏழு என்று எண்ணினால் போதும்.

டியூயி என்ற நூலக வகைப்பாட்டு முறையில் எண் 793.93. சாகச விளையாட்டுகள் அங்கேதான் வரும். ஃபேன்டஸி நாவல்களோடு சேர்த்துவிட்டால் தேடி வருகிறவர்களுக்குக் கிடைக்காது.

மூன்று_ஆக்‌ஷன்:

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஃபேன்டஸி ஆட்டத்தை யாருமே சொல்லவில்லையே. பத்தில் ஒன்றுக்காவது அது தகுதியானது. விதிகள் முழுவதும் ஆர்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் முறையான அனுமதியோடு இலவசமாக இருக்கின்றன. அதனால் நூலகத்தில் ஒரே பிரதி இருந்தாலும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. திரைக்குப்_பின்னால் சார் சொன்ன கேள்விக்கு இதுவும் ஒரு பதில்தான்.

வாங்கினால் 2023 நவம்பரில் வந்த பிளேயர் கோர் வாங்குங்கள். 2019-ல் வந்த 640 பக்கக் கோர் ரூல்புக் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். ரீமாஸ்டர் என்ற இந்தத் திருத்திய பதிப்பில் பெயர்கள் பல மாறிவிட்டன. மேஜிக் மிசைல் என்ற மந்திரம் இப்போது ஃபோர்ஸ் பராஜ். கணக்கு பெரிதாக மாறவில்லை, ஆனால் புதியவர் ஒருவர் ஒரு புத்தகத்தில் படித்த பெயரை இன்னொன்றில் தேடித் தேடிச் சலித்துப்போவார்.

திரைக்குப்_பின்னால்:

ஒப்புக்கொள்கிறேன். தன் முறை வரும்போது மூன்று ஆக்‌ஷன் (செயல்) செய்யலாம் என்ற அதன் விதி சிறுவர்களுக்கு உடனே பிடிபடும், நானே பார்த்திருக்கிறேன். கேரக்டர் உருவாக்குவதில்தான் தேர்வுகள் அதிகம். முதல் நாளே அதைக் கொடுத்தால் ஆட ஆரம்பிக்குமுன் மாலை முடிந்துவிடும். ஏற்கெனவே ஆடிப் பழகிய பிள்ளைக்கு அடுத்த படியாக வைக்கலாம். ஒரு பிரதி, சரிதான்.

தனிப்பயணி:

அக்கா, எனக்குக் கூட ஆட யாருமே இல்லாத காலத்தில்தான் நான் இந்தப் புத்தகங்களை எடுத்துப் படித்தேன். நாலு பேர் கூட்டமாக வருகிறவர்களை மட்டும் நினைத்து வாங்காதீர்கள், ப்ளீஸ்.

அயர்ன்ஸ்வோர்ன் என்று ஒன்று இருக்கிறது, 2018-ல் வந்தது. கேம் மாஸ்டர் இல்லாமல் தனியாகவோ ஒரு நண்பரோடோ ஆடலாம். பிடிஎஃப் இலவசம். ஒரு ஆறுமுகப் பகடை, இரண்டு பத்துமுகப் பகடை, ஒரு நோட்டு, அவ்வளவுதான் வேண்டும். உங்கள் கதாபாத்திரம் ஒரு சபதம் எடுக்கும், அதை நிறைவேற்றப் போவதுதான் கதை. நான் பரீட்சை லீவில் ஆடியதை எழுதியே ஒரு நோட்டு நிரம்பிவிட்டது. அதற்கு முன்னால் இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல எழுதினவனே இல்லை நான்.

சின்னப் பிள்ளைகளுக்கு மாஸ்ரிட்டர். எல்லாரும் எலிகள். பூனைதான் டிராகன் மாதிரி. விதிகள் ரொம்பக் கொஞ்சம், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். இதற்கும் இலவச பிடிஎஃப் உண்டு.

இரவல்_மேசை:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பி தனிப்பயணி, நீ சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. அயர்ன்ஸ்வோர்ன், மாஸ்ரிட்டர், எஸ்ஆர்டி மூன்றையும் அச்செடுத்து ஸ்பைரல் போடக் கொடுத்துவிட்டேன்.

வாங்கும் பட்டியல் இப்படி நிற்கிறது: 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இரண்டு, டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட் ஒன்று, மான்ஸ்டர் மேனுவல் ஒன்று, ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் ஒன்று, ஷேடோடார்க் இரண்டு, பாத்ஃபைண்டர் பிளேயர் கோர் ஒன்று, கேண்டில்கீப் ஒன்று. ஒன்பது ஆகிறது. பத்தாவதைப் பிள்ளைகளே ஆடிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும் என்று விட்டிருக்கிறேன். 2014 புத்தகம் நூலகத்துக்குள் மட்டும், முதுகில் வருஷத்தோடு.

நேற்று அந்தப் பையன்கள் வந்தார்கள். பின்னிணைப்பில் ஓநாய் இருக்கிறது என்று காட்டினேன். உடனே மேசை கேட்டார்கள். நான் என் வேலையை வைத்துக்கொண்டு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓநாய்க்கு உயிர்ப்புள்ளி பதினொன்று. முதல் கடியிலேயே ஒருவனுடைய வீரன் தரையில் விழுந்தான். எழுந்திருக்கலாமா, விழுந்தபடியே வெட்டலாமா என்று மூன்று பேரும் புத்தகத்துக்காகக் கைநீட்டினார்கள். ஆனால் எந்த வாள், எந்தப் பகடை என்பதற்கு மட்டும் யாரும் புத்தகத்தைத் தேடவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அந்த நோட்டுதான் கைக்குக் கை போய்வந்தது.

சனிக்கிழமைக்கு மேசை கேட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை ஐந்து பேராம். பைண்டிங்_பசை மேடம், ஏழு பகடை ஐந்து பேருக்குப் போதுமா, இரண்டாவது பை வாங்கட்டுமா?

பைண்டிங்_பசை:

வாங்குங்கள். இருபதுமுகப் பகடைக்குத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். அது மட்டும் ஆளுக்கு ஒன்று இருந்தால் நல்லது.