போலார்ம் மாஸ்டர், சென்டினல், டிரிப் அட்டாக்: மூன்றும் இருந்தும் என் வெட்டுகள் ஏன் தவறுகின்றன?

கேள்வி (ரோஸ் ஹில், மொரீசியஸ்)

அன்பர்களுக்கு வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி, சனிக்கிழமை மாலைகளில் ஐந்து பேராகக் கூடி ஆடி வருகிறோம். மேசையில் பேச்சு கிரியோலில் நடக்கும், விதிநூல் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் எழுதிப் பார்த்தால் என் குழப்பம் எனக்கே விளங்கக்கூடும் என்பதால் இங்கே கேட்கிறேன்.

என் பாத்திரம் ஆறாம் நிலை ஃபைட்டர் (போர்வீரன்), சண்டை உத்திகள் கற்ற பேட்டில் மாஸ்டர் பிரிவு. வலிமை 16, ஆயுதம் கிளேவ் (நீண்ட கம்பின் நுனியில் வெட்டும் அலகு கொண்டது), சண்டைப் பாணி கிரேட் வெப்பன் ஃபைட்டிங். சிறப்புத் திறன்களில், வேரியன்ட் ஹியூமன் (தொடக்கத்திலேயே ஒரு திறன் பெறும் மனித வகை) என்பதால் முதல் நிலையிலேயே போலார்ம் மாஸ்டரும் (எல்லைக்குள் நுழைபவனைத் தாக்கலாம், ஆயுதத்தின் அடிமுனையாலும் குத்தலாம்), பிறகு நான்காம் நிலையில் சென்டினலும் (அப்படித் தாக்கியது பட்டால் எதிரி நின்றுவிடுவான்), ஆறாம் நிலையில் கிரேட் வெப்பன் மாஸ்டரும் எடுத்தேன். டிரிப் அட்டாக் (எதிரியைத் தரையில் வீழ்த்துவது), ரிப்போஸ்ட் (தவறிய அடிக்குத் திருப்பி வெட்டுவது), பிரிசிஷன் அட்டாக் (தாக்குதல் உருட்டலில் பகடையைக் கூட்டுவது) ஆகிய மூன்று உத்திகளும் அவற்றுக்கான நான்கு எட்டுமுகப் பகடைகளும் கையில் உள்ளன.

சென்ற வாரம் ஓர் ஓகரையும் (பேருருவ அரக்கன்) முழுக்கவசம் அணிந்த ஒரு வீரனையும் எதிர்கொண்டோம். ஓகரை முதல் வெட்டிலேயே டிரிப் அட்டாக்கால் தரையில் வீழ்த்தினேன். அதன்பின் ஆக்‌ஷன் சர்ஜையும் (ஒரே முறையில் கூடுதலாக ஒரு செயல்) செலவிட்டு, ஒவ்வொரு முறையும் தாக்கெண்ணில் (இருபதுமுகப் பகடையோடு கூட்டும் எண்) ஐந்தைக் குறைத்துச் சேதத்தில் பத்தைக் கூட்டும் கிரேட் வெப்பன் மாஸ்டர் வழியையே கையாண்டேன். அத்தனையும் தவறின. அடுத்து ஓகரின் அடி என்மேல் படாமல் போனபோது ரிப்போஸ்டால் திருப்பி வெட்டினேன். உடனே கவசவீரன் என்னைக் கடந்து ஓடி, எங்கள் மருத்துவரைத் தாக்கிச் சாய்த்துவிட்டான். அவனைத் தடுத்து நிறுத்தத்தானே சென்டினல் எடுத்தேன்? எங்கே தவறினேன் என்று யாரேனும் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (மாஹேபூர்)

ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஓகர் விழுந்தபின் அதிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்று வெட்டினீர்கள்?

கேட்டவர்

பத்து அடி. கிளேவின் எட்டும் தூரம் அதுதான். அருகே போனால் அதன் கதாயுதத்துக்கு இரையாவேன் என்று விலகியே நின்றேன்.

மறுமொழி (கத்ர் போர்ன்)

தம்பி, சிக்கல் அந்தப் பத்து அடியில்தான் இருக்கிறது. தரையில் கிடப்பவனை ஐந்து அடிக்குள் நின்று தாக்கினால் உங்களுக்குச் சாதகம் (இரு பகடை உருட்டி உயர்ந்ததைக் கொள்வது); அதற்கு அப்பால் நின்று தாக்கினால், கையில் இருப்பது நீண்ட ஆயுதமே ஆனாலும், பாதகம் (தாழ்ந்ததைக் கொள்வது). ஓகரின் காப்பு எண் (தாக்குதல் படுவதற்கு எட்டவேண்டிய எண்) 11. ஐந்தைக் குறைத்தபின் உங்கள் தாக்கெண் வெறும் 1 என்பதால் பகடையில் 10 விழவேண்டும். பாதகத்தில் இரு பகடைகளும் 10ஐ எட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 30. ஐந்து அடி முன்னால் வந்திருந்தால் அதுவே 80. நீங்கள் செலவிட்ட உத்திப் பகடை உங்களுக்கு எதிராகவே வேலை செய்துவிட்டது.

டிரிப் அட்டாக்கை உங்கள் முறையில் செலவிடாமல், எதிரி உங்கள் எல்லைக்குள் நுழையும்போது போலார்ம் மாஸ்டர் தரும் தாக்குதலோடு சேர்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த வெட்டு பட்டவுடன் சென்டினலால் அவன் வேகம் சுழியமாகும். வலிமைச் சோதனையிலும் தோற்றால் தரையில் விழுவான். எழுந்திருக்கப் பாதி வேகம் தேவை, அவனிடமோ வேகமே இல்லை என்பதால், அந்த முறை முழுவதும் பத்து அடிக்கு அப்பால் கிடப்பான். அவன் கதாயுதம் உங்களை எட்டாது. உங்கள் முறை வந்ததும் ஐந்து அடி முன்னேறி, இரு வெட்டுகளையும் அடிமுனைக் குத்தையும் சாதகத்தோடு செலுத்திவிட்டு, பத்து அடி பின்வாங்குங்கள். பின்வாங்கும்போது அவன் ஒருமுறை தாக்கலாம், ஆனால் கிடந்தபடி தாக்குவதால் பாதகம் அவனுக்கு. பிறகு எழுந்து உங்களை நோக்கி வருவான்; வந்தால் மீண்டும் உங்கள் எல்லைக்குள் நுழைந்தாக வேண்டும். சிலம்பம் ஆடுபவரைப் பார்த்தவர்களுக்கு இந்த முன்னேறலும் பின்வாங்கலும் புதிதாகத் தோன்றாது.

கவசவீரன் தப்பியதற்குக் காரணம் ரிப்போஸ்ட். ஒரு சுற்றுக்கு, பிறர் முறையில் எதிர்வினையாகச் செய்யும் ரியாக்‌ஷன் ஒன்றுதான். அதை ஓகர்மேல் செலவிட்டபின் சென்டினலுக்கு எதுவும் மிஞ்சவில்லை. போனஸ் ஆக்‌ஷனிலும் (உங்கள் முறையில் செய்யும் கூடுதல் சிறு செயல்) இதே நெருக்கடி உண்டு: அடிமுனைக் குத்து, எதிரியைச் சாய்த்தால் கிரேட் வெப்பன் மாஸ்டர் தரும் கூடுதல் வெட்டு, காயம் ஆற்றிக்கொள்ளும் செகண்ட் விண்ட் ஆகிய மூன்றும் அந்த ஒன்றையே கேட்கும். ஆக்‌ஷன் சர்ஜ் இரண்டாவது போனஸ் ஆக்‌ஷனைத் தருவதில்லை.

மறுமொழி (மாஹேபூர்)

கவசவீரனைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். காப்பு எண் 18 என்றால் இயல்பான வெட்டு படும் வாய்ப்பு நூற்றுக்கு 45, ஐந்தைக் குறைத்தால் 20. உங்கள் சண்டைப் பாணியின்படி 1, 2 விழுந்த சேதப் பகடையை மறுபடி உருட்டுவதால் ஒரு வெட்டின் சராசரிச் சேதம் 9.3 அல்லது 19.3. பெருக்கிப் பார்த்தால் இயல்பான வெட்டே சற்று மேல். காப்பு எண் 17 வரை ஐந்தைக் குறைக்கலாம், 18இல் வேண்டாம். ஆனால் அடிமுனைக் குத்து நான்குமுகப் பகடை என்பதால் அதன் சொந்தச் சேதம் குறைவு. ஆகவே 18இலும் அதற்குக் குறைத்துக் கூட்டுவதே மேல். பிரிசிஷன் அட்டாக்கை, உருட்டியதைப் பார்த்தபின் நான்கு எண்ணுக்குள் தவறியதாகத் தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

உங்கள் மேசை 2024ஆம் ஆண்டு நூலுக்கு மாறினால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் கிரேட் வெப்பன் மாஸ்டர் எதையும் குறைக்காமல், நிலையோடு உயரும் தேர்ச்சி எண்ணைச் சேதத்தில் கூட்டுகிறது.

கேட்டவர் (அடுத்த வாரம்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று வேறோர் ஓகர் வந்தது. அது எல்லைக்குள் நுழைந்தவுடன் வெட்டி வீழ்த்தினேன். அருகே சென்று செலுத்திய மூன்றில் இரண்டு பட்டன. பின்வாங்கியபோது அதன் அடி தவறியது. ரிப்போஸ்டை நான் தொடவே இல்லை. ஏழாம் நிலையில் புதிய உத்திகள் கற்கும்போது பழையது ஒன்றை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இருப்பதால், ரிப்போஸ்டை விட்டுவிட்டு, எதிரியைத் தள்ளிவிடும் புஷிங் அட்டாக் எடுக்கப்போகிறேன். பதினைந்து அடி தள்ளப்பட்டவன் திரும்பி வந்தால் மறுபடியும் என் எல்லைக்குள் நுழைந்துதானே ஆகவேண்டும்?

மறுமொழி (கத்ர் போர்ன்)

ஆம் தம்பி, நுழைந்துதான் ஆகவேண்டும். அதுவரை ரியாக்‌ஷனைச் செலவிடாமல் வைத்திருங்கள்.