சிறிய தேக்குப் பெட்டிக்கு எந்தக் கீல், எந்தத் தாழ்?

கேள்வி: நாகைவாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த தேக்குக் கதவுப் பலகையை அறுத்து இழைத்து, என் தந்தையார் எழுதிய கடிதங்களை வைப்பதற்காக ஒரு பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். நீளம் 30 செ.மீ., அகலம் 20 செ.மீ., உயரம் 12 செ.மீ.; சுவர்களும் மூடியும் 12 மி.மீ. தடிமன். மூடி ஒரே பலகை. நான்கு சுவர்களின் மேலும் தட்டையாக அமர்கிறது. நாங்கள் நாகப்பட்டினத்தில் கடலுக்கு அருகில் குடியிருக்கிறோம். இதற்கு முன் செய்த சிறு பெட்டி ஒன்றுக்குப் பித்தளை என்று சொல்லி விற்ற கீல்களை வாங்கிப் பொருத்தினேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அவற்றில் துரு கசிந்து மரமும் கறைபட்டுவிட்டது. இந்தப் பெட்டியில் அந்தத் தவறு நேரக் கூடாது. எந்த உலோகம், எத்தனை கீல்கள், எவ்வகைத் தாழ் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். என் பேரக்குழந்தைகளும் பெட்டியைத் தூக்குவார்கள் என்பதால், மூடி தானாகத் திறந்துகொள்ளக் கூடாது.

மறுமொழி: இழைப்புளி

வணக்கம் ஐயா. உங்களுக்குக் கிடைத்தது பித்தளை முலாம் பூசிய இரும்பாகத்தான் இருந்திருக்கும். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். கெட்டிப் பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. கீலின் தகட்டை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாமல், நடுவிலுள்ள ஊசியையும் கூடவே தரும் திருகாணிகளையும் சோதியுங்கள், ஏனெனில் தகடு பித்தளையாகவும் ஊசி இரும்பாகவும் உள்ள கீல்கள் நிறைய விற்பனையாகின்றன. உப்புக் காற்றில் பித்தளை நிறம் மங்குமே தவிரத் துருப்பிடிக்காது.

இந்த அளவுக்கு ஒன்றரை இஞ்சு நீளமுள்ள இரண்டு கீல்கள் போதும். மூன்றாவது கீல் வைத்தால் மூன்றின் ஊசிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சற்றுப் பிசகினாலும் மூடி இறுகிக்கொள்ளும். பெட்டியின் இரு முனைகளிலிருந்தும் ஏறத்தாழ ஒரு கீலின் நீளம் உள்ளே தள்ளி வைப்பது பார்வைக்கும் பிடிமானத்துக்கும் நன்றாக இருக்கும். உங்கள் சுவர் 12 மி.மீ. தான் என்பதால், ஒரு பக்கத் தகட்டின் அகலம் அதைவிடக் குறைவாக இருக்கும்படி பார்த்து வாங்குங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது திருகாணியின் நீளத்தை. பின்சுவரின் மேல்விளிம்பில் அரை இஞ்சுத் திருகாணி தாராளமாக இறங்கும். அதே திருகாணியை மூடியின் அடியில் ஏற்றினால் அதன் முனை மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆகவே மூடிக்கு மட்டும் அதன் தடிமனில் முக்கால் பங்கு நீளமுள்ள, அதாவது ஒன்பது மில்லிமீட்டர் அளவிலான திருகாணிகளைத் தனியாக வாங்குங்கள். பித்தளை மென்மையானது, நன்கு உலர்ந்த பழைய தேக்கில் நேராக முறுக்கினால் தலை அறுந்துவிடும், அறுந்த தண்டை வெளியே எடுப்பது பெரும்பாடு. முதலில் சிறு துளை போட்டு, அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்கிப் புரி வெட்டிக்கொண்டு, அதன்பின் பித்தளைத் திருகாணியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஏற்றுங்கள். சோப்பைத் தேய்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஈரத்தை இழுக்கும் என்பதால் உங்கள் ஊருக்கு வேண்டாம்.

மறுமொழி: குமரித் தச்சி

கீலைப் பற்றி நண்பர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. தாழைத் தேர்வதற்கு முன் மூடி எந்தப் பக்கம் விரியும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். மரம் நீளவாக்கில் மாறுவதில்லை என்றே கொள்ளலாம். அகலவாக்கில் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது தேக்கு ஆரப்போக்கில் (அடிமரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கி) 2.5 சதவீதமும் வளையப்போக்கில் (ஆண்டு வளையங்களை ஒட்டி) 5.8 சதவீதமும் சுருங்கும். இது மற்றப் பல மரங்களைவிடக் குறைவுதான். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையில் உங்கள் 20 செ.மீ. மூடி ஒரு மில்லிமீட்டர் வரை மாறக்கூடும். பின்பக்கம் கீல்களால் பிடிக்கப்பட்டிருப்பதால் அந்த மாற்றம் முழுவதும் முன்பக்கத்தில்தான் தெரியும், தாழ் இருக்கும் இடமும் அதுவே.

அதனால், மேல்பாதியும் கீழ்பாதியும் துல்லியமாகப் பொருந்தினால் மட்டுமே பூட்டிக்கொள்ளும் விசைத்தாழ்களை நான் இத்தகைய மூடிக்கு வைப்பதில்லை. வயலின் பெட்டிகளில் காணும் இழுத்துப் பூட்டும் தாழ் உறுதியானது. ஆனால் எப்போதும் மூடியை இழுத்துக்கொண்டே இருப்பதால் சிறிய திருகாணிகள் காலப்போக்கில் தளரும். மரத்துக்குள் காந்தம் பதித்தால் வெளித்தோற்றம் மிக அழகாக இருக்கும், ஆனால் குழந்தைகள் தூக்கும் பெட்டிக்கு அதை மட்டும் நம்ப முடியாது. என் பரிந்துரை சாதாரணப் பித்தளைக் கொக்கியும் வளையமும். கொக்கி மூடியின் முன்விளிம்பில் சுழலட்டும், வளையம் சுவரில் இருக்கட்டும். கொக்கி நுழைந்தபின் சிறிது அசைவு இருக்கும்படி வைத்தால் எல்லாப் பருவத்திலும் சிரமமின்றி மூடலாம். பூட்டும் வேண்டுமென்றால் நாதாங்கி வைக்கலாம், கடிதப் பெட்டிக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

கேரளத்து நெட்டூர்ப் பெட்டிகளை, அதாவது நகை வைக்கும் பழைய பாணி மரப் பெட்டிகளை, வாய்ப்புக் கிடைத்தால் அருகில் சென்று பாருங்கள். அவற்றின் பித்தளைப் பட்டைகள் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. மூலைகளையும் இணைப்புகளையும் அவை இறுகப் பிடித்திருக்கின்றன.

மறுமொழி: பலகைப்பித்தன்

பியானோ கீல் என்று விற்கப்படும் நீளமான ஒற்றைக் கீலையும் எண்ணிப் பாருங்கள். பெட்டியின் நீளத்துக்கு அறுத்துக்கொள்ளலாம். மூடியின் எடை முழு விளிம்பிலும் பரவும். கெட்டிப் பித்தளையில் கிடைப்பது எளிதல்ல, துருப்பிடிக்காத எஃகில் கிடைக்கும். எதை வைத்தாலும், மூடி செங்குத்தைச் சற்றுத் தாண்டியதும் நிற்கும்படி ஒரு மெல்லிய சங்கிலியோ பருத்தி நாடாவோ கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் சாயும் மூடி நெம்புகோல்போல் வேலை செய்து திருகாணிகளைப் பிடுங்கிவிடும்.

நாகைவாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. காந்தத்தோடு சென்று மூன்றாவது கடையில் கெட்டிப் பித்தளைக் கீல்களை வாங்கினேன்; கொக்கியும் வாங்கியாயிற்று. உண்மையான பலகையில் கைவைக்கும் முன் துண்டுப் பலகைகளில் பள்ளம் வெட்டிக் கீல்களைப் பொருத்திப் பார்த்தேன். மூடியின் பின்விளிம்பு அழுந்த உட்காருகிறது, முன்பக்கம் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் மூடாமல் நிற்கிறது. விரலால் அழுத்தினால் மூடிக்கொள்கிறது, விட்டதும் எழும்புகிறது. எதைத் திருத்த வேண்டும்?

மறுமொழி: இழைப்புளி

முதலில் திருகாணித் தலைகளைத் தடவிப் பாருங்கள். அவை தகட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் எதிர்த்தகட்டில் கீறல் விழுந்திருக்கும். அப்படியானால் தகட்டின் துளை வாயைச் சற்று அகலமாக்கித் தலைகளை உள்ளே இறக்குங்கள். தலைகள் சரியாக அமர்ந்திருந்தால், நீங்கள் வெட்டிய பள்ளம் ஆழமாகிவிட்டது என்று பொருள். கீலை மூடிப் பிடித்து அளந்தால் வரும் மொத்தத் தடிமன் எவ்வளவோ, அவ்வளவுதான் இரு பள்ளங்களின் ஆழமும் சேர்ந்து இருக்க வேண்டும். அதற்கு மேல் வெட்டினால் பின்பக்கத்து மரம் முதலில் முட்டிக்கொள்ளும். துண்டுப் பலகையில், கீல் தகட்டுக்கு அடியில் திருமண அழைப்பிதழின் கெட்டி அட்டையை வெட்டி ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எத்தனை அட்டை வைத்தபோது முன்பக்கம் சரியாக மூடுகிறதோ, அந்தத் தடிமனைக் கழித்துக்கொண்டு உண்மையான பெட்டியில் பள்ளத்தை வெட்டுங்கள். பொருத்திப் பார்த்து எல்லாம் சரியானபின் கீல்களைக் கழற்றி வைத்துவிட்டு மெருகு பூசி, அது நன்றாக உலர்ந்த பிறகே மீண்டும் மாட்டுங்கள்.