பாட்டு கேக்கிற ஸ்பீக்கர் செட் டெஸ்ட் பண்ண நீங்க போடுற ஆல்பம் எது? எனக்கு நடந்தத சொல்றன்

வாவிக்கரையான்:
எனக்கு எப்பவும் இளையராஜாட 'ஹவ் டு நேம் இட்' தான், 1986ல வந்தது. கல்முனையில பழைய ஸ்பீக்கர் சோடி ஒண்டு வாங்கிக் கொண்டுவந்து அத போட்டா வயலின் நடுவில நிக்குதே இல்ல, அங்கயும் இங்கயும் மிதக்குது, பேஸ் எண்ட கீழ்ச்சத்தம், அந்த சாமானே இல்ல. சிவப்புக்கு சிவப்பு கறுப்புக்கு கறுப்பு, நாலுதரம் பாத்தன், வயர் எல்லாம் சரியாத்தான் இரிக்கி. மூணு மாசம் பொறுத்துப் பாத்து களுவாஞ்சிகுடி தம்பி ஒருத்தனுக்கு அரை வெலைக்கு குடுத்திட்டன். மறுகா ரெண்டு நாள் கழிச்சி வீடியோ கோல் எடுக்கான். ஒன்றரை வோல்ட் டோர்ச் பெட்டரிய ஸ்பீக்கர் வயர்ல தொட்டுக் காட்டுறான், ஒரு ஸ்பீக்கர்ட கோன், அந்த அதிர்ற கடதாசி, சாப்பிட்ட புள்ளைட வயிறு மாதிரி முன்னுக்கு வந்திச்சி, மத்தது பொசுக்கெண்டு உள்ளுக்கு போச்சி. முன்ன ஆரோ வூஃபர், அந்த பேஸ் ஸ்பீக்கர, திருத்தேக்க பொக்ஸுக்குள்ள வயர மாறி ஒட்டியிருக்கான். ஒண்டு தள்ள மத்தது இழுக்க, பேஸ் அடிபட்டுப் போகுது. சிடி சரியாத்தான் சொல்லியிரிக்கி, எனக்குத்தான் வெளங்கல்ல.

காத்தான்குடி காக்கா:
அண்ணன், பேஸுக்கு வயலின் ஆல்பம் போட்டா எப்படி? ஈகிள்ஸ்ட 'ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்', 1994, அதுல 'ஹோட்டல் கலிஃபோர்னியா' தொடக்கத்தில ஒரு அடி விழும், கொழும்புல ஹைஃபை கடைக்காரர் எல்லாரும் அதத்தான் போடுவாங்க. நான் புது அம்ப்ளிபயர் வாங்கின அண்டு இரவு அந்த அடி விழுந்த உடன உம்மா கூரையில தேங்கா விழுந்திட்டு எண்டு டோர்ச்சும் எடுத்துக்கொண்டு முத்தத்துக்கு போய்ட்டா. பத்து நிமிசம் தேடினவ.

அக்கரைப்பற்று ரசிகன்:
காக்கா, அது உங்கட ஷீட் கூரை அதிர்ந்த சத்தம், ஸ்பீக்கர் நல்லமெண்டு அர்த்தமில்ல. எனக்கு 'திருடா திருடா' (1993), அதுல 'ராசாத்தி என் உசுரு'. வாத்தியமே இல்ல, ஷாகுல் ஹமீதுட குரலும் கோரஸும்தான். ஒரு கடையில அத போடச் சொன்னன், பொடியன் பென்ட்ரைவ்ல இருந்து போட்டான், கோரஸ் தகரத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி, வாங்காம வந்திட்டன், அவ்வளவுதான். ஆனா எல்லாரும் ஒண்டு விளங்கிக்கங்க, 128 கேபிபிஎஸ் எண்டு நல்லா சுருக்கின எம்பி3ய வெச்சி ஒரு செட்டையும் மதிக்க ஏலா, ஒரிஜினல் சிடி கொண்டு போங்க, சிடிட தரம், 16 பிட் 44.1 கிலோஹேர்ட்ஸ், தாராளம். ரெண்டு செட்ட ஒப்பிடேக்க சத்தத்த ஒரே அளவா வையுங்க, கொஞ்சம் கூட வெச்சது எப்பவும் நல்லம் மாதிரித்தான் கேக்கும், கடைக்காரர்ட வித்தையே அதுதான். பொக்ஸ மூலையில ஒட்டி வெச்சா பேஸ் குமுறும், சுவர விட்டு இழுங்க. ரெண்டு பொக்ஸுக்கும் இடையில எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவு தள்ளி நீங்க இருங்க. வெறும் சீமெந்துத் தரையெண்டா ஒரு பாயாவது விரிங்க.

கல்லடியான்:
ஆரு தம்பி உங்கள்ட்ட பாய் விரிக்க கேட்ட? நான் வாங்க முன்ன ஆல்பம் எதுவும் போடல்ல, நியூஸ் வாசிக்கிற ஆம்புளக் குரலத்தான் போட்டன். பொக்ஸுக்குள்ள இருந்து பேசினா வாணாம், ஆள் முன்னுக்கு இருந்து பேசினா எடு. எங்கட வாப்பா சொல்லித் தந்தது, இன்னம் பிழைச்சதில்ல.

வாவிக்கரையான்:
தேங்கா கதைக்கு வீடே சிரிச்சி முடியல்ல. போன கிழமை அந்த தம்பிட வீட்ட போன நான். அந்த சிடியையும் சும்மா குடுத்து விட்டது இப்பதான் ஞாபகம் வந்திச்சி, அதத்தான் போட்டிருந்தான். வயலின் அப்பிடியே நடுவில, கையால தொடலாம் போல. திருப்பி வெலைக்கு தாறியா எண்டு கேட்டன். தேத்தண்ணி குடிங்கண்ணே எண்டான்.