ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு விளையாட்டு, தயிர் எல்லாம் தடையா?

கேள்வி: 8 வயசுப் பிள்ளை, ஓடினா இருமல், இழுப்பு. பி.டி. பீரியடில் உட்கார வைக்கிறதும், தயிர், வாழைப்பழம், ஐஸ்கிரீம் தராததும் உண்மையிலேயே தேவையா?

பதில் 1: விளையாட்டை நிறுத்தாதீங்க. ஓடும்போது இழுக்குதுன்னா பெரும்பாலும் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லைன்னு அர்த்தம். தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரை இழுப்பு இல்லாத நாளிலும் விடக் கூடாது. அதை நிறுத்துறதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. டாக்டர் சொல்லியிருந்தா விளையாட்டுக்கு 15 நிமிஷம் முன்னாடி சால்பூட்டமால் (மூச்சுக்குழாயைச் சீக்கிரம் தளர்த்துற இன்ஹேலர் மருந்து) 2 பஃப்; அப்புறம் 10 நிமிஷம் மெதுவா வார்ம்-அப்.

பதில் 2: ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்கிற பிளாஸ்டிக் குழாய்) போடுற முறையையும் பாருங்க. இன்ஹேலரைக் குலுக்கி ஒரு பஃப், 5 முறை நிதானமா மூச்சு. மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டையும் சேர்த்து அடிச்சா நுரையீரலுக்குப் போற மருந்து குறையும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காம காயவிடுங்க. துடைச்சா நிலைமின்சாரம் உண்டாகி மருந்து உள்சுவரில் ஒட்டிக்கும். ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளிக்கணும்.

பதில் 3: ஒவ்வாமைன்னு உறுதியான உணவை மட்டும் தவிர்த்தா போதும். பாவம், தயிரைப் பிடுங்கிட்டு, படுக்கையறையில் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் ஏத்துறோம். முதலில் அந்தப் புகையை நிறுத்துங்க. வாரத்தில் 2 நாளுக்கு மேல் இழுப்புக்காகச் சால்பூட்டமால் தேவைப்பட்டாலோ, ராத்திரி இருமி எழுந்தாலோ டாக்டரிடம் காட்டுங்க.