1420 மெகாஹெர்ட்ஸ் ஹார்ன்: ஹைட்ரஜன் மேடு தெரியவே இல்லை, எங்கே தப்பு?

கோவை_அலைவரிசை:
வணக்கம். பால்வீதியில் இருக்கும் ஹைட்ரஜன் வாயு 1420 மெகாஹெர்ட்ஸில் (21 செமீ அலைநீளம்) விடும் ரேடியோ அலையைப் பிடிக்க, புனல் வடிவ ஹார்ன் ஆன்டெனா கட்டியிருக்கேன். அது அலைவரிசை வரைபடத்தில் ஒரு மேடாத் தெரியணும். தெர்மோகோல் பலகையில் அலுமினிய ஃபாயில், வாய் 75 × 60 செமீ. அடியில் 5 லிட்டர் தின்னர் டின், உள்ளளவு 16.5 × 10 செமீ. அடித்தட்டிலிருந்து 5.3 செமீ தள்ளி 5.3 செமீ நீளச் செம்புக் கம்பி. அங்கிருந்து 3 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள், மேசையில் ஃபில்டர் வைத்த எல்என்ஏ (சத்தம் குறைவான பெருக்கி), அப்புறம் ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கணினியில் செருகும் ரேடியோ டாங்கிள்). ராத்திரி பூரா வாட்டர்ஃபாலை (சிக்னல் பலத்தை நிறமாக் காட்டி ஓடும் திரை) பார்த்தும் ஒண்ணும் இல்லை. 15 கிலோ எண்ணெய் டின்னுக்கு மாறினா சிக்னல் கூடுமா?

மொட்டைமாடி_ரேடியோ:
டின்னை மாத்தாதீங்க. எண்ணெய் டின் சதுரம், பக்கம் 23 செமீ இருக்கும். அவ்வளவு அகலத்தில் 1420ல் ஒரே ஒரு அலைமுறை (டின்னுக்குள் அலை பரவும் வடிவம்) மட்டும் ஓடாது, வேண்டாததும் சேர்ந்து ஓடும். உங்க தின்னர் டின் அளவு கச்சிதம்.

குற்றவாளி அந்த 3 மீட்டர் கேபிள். ஆர்ஜி-58 இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.7 டெசிபல் தின்னும். எல்என்ஏவுக்கு முன்னாடி 2 டெசிபல் போனா, சிக்னல் குறையறது மட்டுமில்லை, கேபிளே 180 கெல்வின் அளவுக்குச் சத்தம் (ரேடியோ இரைச்சல், இதை வெப்பநிலையா அளக்கிறது வழக்கம்) சேர்க்கும். எல்என்ஏவை டின் சாக்கெட்டிலேயே மாட்டி, மூடின பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைங்க. அதுக்குப் பின்னாடி எவ்வளவு கேபிள் வந்தாலும் கவலையில்லை. டாங்கிளில் பயஸ்-டீயை (கேபிள் வழியாவே எல்என்ஏவுக்கு மின்சாரம் அனுப்பும் வசதி) ஆன் பண்ணி, கேபிள் முனையில் 4.5 வோல்ட் வருதான்னு மல்டிமீட்டரில் பாருங்க.

ஹைட்ரஜனைத் தேடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை: ஏஜிசியை (பெருக்கத்தைத் தானா மாத்தும் வசதி) அணைச்சு கெயினை, அதாவது பெருக்கத்தை, நிலையா வைங்க. ஹார்ன் வாயைத் தரைக்கு ஒருதரம், தலைக்கு மேலே வானத்துக்கு ஒருதரம் காட்டுங்க. தரை சுமார் 290 கெல்வின், வானம் 10 சொச்சம். வித்தியாசம் 3 டெசிபல்தான்னா ரிசீவர் சத்தம் 270 கெல்வின். 5 வந்தா 120. இந்த எண் சரியாகாம வானத்தைப் பார்த்துக் கண்ணு வலிக்கிறதில் பிரயோஜனமில்லை.

ஈயப்பற்று:
கம்பி வைத்த இடமும் தப்புங்க. 5.3 செமீ என்பது வெட்டவெளி அலைநீளத்தில் கால்பங்கு. டின்னுக்குள் அலை நீளும்: 16.5 செமீ அகலத்துக்கு 27.4 செமீ ஆகும், அதில் கால்பங்கு 6.9 செமீ. ஓட்டை அங்கே, அகலமான பக்கத்தின் நடுவில் வரணும். கம்பியை 5 செமீக்கு நறுக்குங்க. டின்னும் ஹார்னும் சேரும் கழுத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் படணும். அலுமினிய டேப்பின் பசை பெரும்பாலும் மின்சாரம் கடத்தாது. ஃபாயிலை மடித்து அழுத்தி, மேலே டேப் ஒட்டுங்க.

கோவை_அலைவரிசை:
பழைய அமைப்பில் 2.8 டெசிபல். எல்லாம் மாத்தின பிறகு 5.4! ஆனா வாட்டர்ஃபாலில் இன்னும் மேடு இல்லையே?

மொட்டைமாடி_ரேடியோ:
வாட்டர்ஃபாலில் தெரியாது. மேட்டின் உயரம் ஒரு டெசிபலுக்கும் கீழே, டாங்கிளின் பேண்ட் வளைவே அதைவிடப் பெரிசு. 2.4 மெகாஹெர்ட்ஸை 512 கட்டமாப் பிரிங்க. வாயு நகரும் வேகத்துக்கு ஏத்த மாதிரி அதிர்வெண் நகரும், ஒரு கட்டம் ஏறக்குறைய நொடிக்கு 1 கிமீ வேகம். எஸ்டிஆர்-ஷார்ப் மென்பொருளின் ஐஎஃப் ஆவரேஜ் பிளகினில் 5 நிமிஷம் சராசரி எடுங்க. பால்வீதி இல்லாத வானத்திலும் அதே மாதிரி ஒண்ணு எடுத்து, முதலாவதை அதால் வகுங்க.

ஐப்பசி தொடக்கத்தில் கோவையில் இரவு 7 மணிக்கு வடக்கே 55 டிகிரி உயரத்தில் சிக்னஸ் விண்மீன் கூட்டம் இருக்கும், பால்வீதி அது வழியாப் போகுது. வெறும் வானத்துக்கு அன்னைக்கே 11 மணிக்குத் தெற்கே 50 டிகிரி. சிக்னஸில் ஒற்றை மேடு வராது. 1420.4ல் ஒரு முகடும், நம்மை நோக்கி வரும் பால்வீதியின் வெளிக்கரங்களால் அதிக அதிர்வெண் பக்கம் தோள்களும் தெரியும். நிஜமான்னு சந்தேகமா? விண்மீன்கள் மாதிரி தினம் 4 நிமிஷம் முன்னாடி வருதான்னு பாருங்க. அமெரிக்க ரேடியோ பொறியாளர் ஜான்ஸ்கி பால்வீதியிலிருந்து ரேடியோ அலை வருதுன்னு 1933ல் சொன்னதும் இந்தக் கணக்கில்தான்.

ஈயப்பற்று:
ஐப்பசி அடைமழை ஆச்சே! மேகம் 21 செமீ அலையை மறைக்காது, ஆனா ஃபாயில் ஊறிப்போகும். வாயில் மெல்லிய பாலிதீன் கட்டிடுங்க. 1951ல் ஹார்வர்டில் ஈவன், பர்செல் என்ற இயற்பியலாளர்கள் முதன்முதலா இந்தக் கோட்டைப் பிடிச்ச ஹார்ன் ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தது. மழை பெய்தா புனல் மாதிரி தண்ணி லேபுக்குள்ளே கொட்டுமாம்.